பாவாயி பிறந்த கார்

சடையன் விரலை மோந்து பார்த்தான்.

காரின் பின்சீட்டுக்கு முன்னால், கால் வைக்கும் இடத்தில் ஆள்காட்டி விரலால் ஒரு கோடு இழுத்தான். ஒட்டிய தூசியை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டு மோந்தான். பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் சமாளித்திருப்பேன். கோபம் இல்லை. ஊர் மாறி பஸ்ஸை விட்டு இறங்கியவன் மாதிரி விழித்தான்.

அவனுக்குப் பின்னால், கொல்லிமலை ஆலத்தூர் நாட்டிலிருந்து வந்த மூன்று பெரியவர்கள் தோளில் கம்பளியோடு என் கார் கொட்டகை வாசலில் நின்றார்கள். சடையன் மகளுடைய கல்யாணம் அந்த விரல் நுனித் தூசியில் இருந்தது. எனக்கு ஒரு தும்மலாவது வரட்டும் அல்லாஹ்வே என்று வேண்டிக்கொண்டேன். வரவில்லை.

தும்மலுக்கும் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். போன வாரம் யுத்த காலத்துக் கரி வண்டிக் கதையைப் பாதியில் விட்டதற்கே நாலைந்து பேர் சண்டைக் கடிதம் போட்டிருக்கிறீர்கள். பொறுங்கள், அந்தக் கரியும் இதற்குள் வருகிறது.

செவலை

சேந்தமங்கலத்தில் எங்களுக்கு மிளகு மண்டி. கொல்லிமலைக்கு அப்போது மோட்டார் ரோடு கிடையாது. மேலே விளைந்ததெல்லாம் ஆள் தலையில்தான் கீழே இறங்கும். நான் காரவள்ளி அடிவாரத்தில், புளியமரத்தடியில் காரோடு காத்திருப்பேன்.

கார் என்றால் திறந்த கார். மேலே கித்தான் கூரை. வேண்டுமானால் இழுத்து மூடலாம், வேண்டாவிட்டால் பின்னால் மடித்துத் தள்ளலாம். நான் மூடியதே இல்லை. கூரையை மடித்தால்தான் பின்சீட்டில் நாலு மூட்டை மிளகு நிற்கும். நிறம் செம்மண் நிறம். மலைக்காரர்கள் அதற்கு மாட்டுக்கு வைப்பது போலச் செவலை என்று பேர் வைத்துவிட்டார்கள்.

முன்னால் நின்று இரும்புக் கம்பியைச் சுற்றினால்தான் அது கிளம்பும். மனசில்லாத நாளில் முப்பது நாற்பது சுற்று கேட்கும். அப்புறம் கம்பியைத் திருப்பி என் மணிக்கட்டில் ஒன்று வைக்கும். அடித்த கையோடு சமர்த்தாகக் கிளம்பிவிடும். அதற்கு என்மேல் என்ன கோபமோ, எனக்கு அதன்மேல் என்ன ஆசையோ, இன்றுவரை புரியவில்லை.

சீட்டுத் தையல், கதவிடுக்கு, மிதிபலகை எல்லாவற்றிலும் மிளகுத் தூள். என் வீட்டுக்காரி ஜைனம்பு ஏறினால் ஊர் எல்லை தாண்டுவதற்குள் ஏழெட்டுத் தும்மல் போடுவாள்.

"காரு வச்சிருக்கிறவங்க பொண்டாட்டி எல்லாம் அத்தரு வாசனையோட போறாளுங்க. நான் மூக்கைச் சிந்திக்கிட்டே போறேன். எப்ப இந்தச் சனியனை ஒழிப்பீங்க?" என்பாள்.

"உன்னை ஒழிச்சாலும் இதை ஒழிக்க மாட்டேன்" என்பேன். வாய்க் கொழுப்பு. பின்னால் இரண்டு நாளைக்குக் குழம்பில் உப்பு இருக்காது.

யாருக்குப் பிரசவம்?

சடையன் மலைமேல் திருப்புலி நாட்டுக்காரன். அங்கே சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. கொஞ்சம் மிளகு, கொஞ்சம் சாமை, மரவள்ளி. எனக்கு மாமா என்று பேர் வைத்தவன் அவன்தான். எங்கள் பக்கம் கவுண்டர்மார் ராவுத்தரை மாமா என்பார்கள், நாங்கள் அவர்களை மாப்பிள்ளை என்போம். யார் எப்போது தொடங்கி வைத்த உறவோ!

ஒருநாள் மிளகு வரும் பாதையில் மிளகு வரவில்லை. மூங்கிலில் கம்பளியைத் தூளி கட்டி சடையனும் இன்னும் மூன்று பேரும் தூக்கி வந்தார்கள். உள்ளே சடையன் பெண்சாதி நல்லம்மா. இரண்டு நாளாக வலி, குழந்தை வெளியே வரவில்லை. பின்னாலேயே அவளுடைய அக்கா ஓடி வந்தாள்.

மூட்டைகளை இறக்கி மரத்தடியில் போட்டுவிட்டு நல்லம்மாவைப் பின்சீட்டில் படுக்க வைத்தேன். கூரை மடித்திருந்ததால் தூளியோடு அப்படியே மேலிருந்து இறக்க முடிந்தது. நாமக்கல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். பாதி வழிகூடப் போகவில்லை.

"வண்டிய நிறுத்துங்க சாமி! கூரைய மூடுங்க! ஏனுங்க, கூரைய மூடுங்க!" என்று அக்காக்காரி அலறினாள்.

வருடக் கணக்காக மூடாத கூரை வருமா? நானும் சடையனும் ஆளுக்கொரு பக்கம் தொங்கினோம். கடைசியில் வந்தது. வரும்போது இரும்பு மடிப்பு என் இடதுகை மோதிர விரலைக் கடித்துக்கொண்டது. கையை எடுத்தால் கூரை திறந்துவிடும். எடுக்கவில்லை. முகத்தைச் சோளக்காட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றேன். உள்ளே நல்லம்மா கத்துகிறாள், வெளியே நான் கத்துகிறேன். அந்த வழியாக வந்த மாட்டு வண்டிக்காரர் வண்டியை நிறுத்தி, "யாருக்குங்க பிரசவம்?" என்று கேட்டார்.

குழந்தை அழவில்லை. முதலில் தும்மியது. மிளகுத் தூள்! தும்மிவிட்டுத்தான் அழுதது. அதுதான் பாவாயி.

என் விரல் அன்றைக்கு மடங்காமல் போனது, இன்றைக்கும் மடங்காது. நல்லம்மா அன்றிலிருந்து என்னை அண்ணா என்று கூப்பிட்டாள். சடையன் காரைச் சுற்றி வந்து நாலு கதவையும் தொட்டுக் கும்பிட்டான்.

"இதுதானுங்க மாமா எம்புள்ளைக்குப் பொறந்த ஊடு. மறந்துறாதீங்க."

"சரி மாப்ளே, வாடகை கேக்க மாட்டேன்" என்று சிரித்தேன்.

சிரித்தது தப்பு. மலை முழுக்க உண்டா தெரியாது, சடையன் பங்காளிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணை வேறு நாட்டுக்குக் கட்டிக் கொடுத்தால், அவள் பிறந்த இடத்து மண்ணை முந்தானையில் முடிந்து அனுப்புவார்கள். மாப்பிள்ளை வீட்டார் முன்கூட்டியே வந்து அந்த இடத்தைக் கண்ணால் பார்ப்பார்கள். புகுந்த வீட்டில் ஒரு பேச்சு வந்தால், "எனக்கும் ஒரு இடம் இருக்குது" என்று பெண் அந்த முடிச்சைக் காட்டலாம். மிளகு வியாபாரிக்கு இதெல்லாம் எங்கே தெரியும்?

துரையின் பச்சைக் கார்

யுத்தம் வந்தது. பெட்ரோல் போயிற்று. செவலையின் முதுகில் கரி அடுப்பைக் கட்டி, அதன் வாயுவில் ஓட்டினேன். பொறி பறந்து கித்தான் கூரை சல்லடையாகிவிட்டது. யுத்தம் முடிந்தபோது செவலைக்கு உதிரிச் சாமான் எங்கேயும் கிடைக்கவில்லை. சேலத்து மேஸ்திரி அதைத் திறந்து பார்த்துவிட்டு, அப்படியே மூடிவிட்டார்.

அந்தச் சமயத்தில் ஏற்காட்டில் ஒரு துரை ஊருக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு பச்சைக் கார். அதுவும் கூரை மடக்குகிற கார்தான். ஆனால் என்ன கூரை! ஒரு கையால் தொட்டால் வழுக்கிக்கொண்டு வருகிறது. பொத்தானை அமுக்கினால் எஞ்சின் பேசுகிறது. மூடின கார் வாங்கச் சொல்லி எல்லோரும் சொன்னார்கள். தலைக்கு மேல் மலை தெரியாமல் எப்படி ஓட்டுவது? பச்சையை வாங்கிவிட்டேன்.

செவலையை ராசிபுரத்து டூரிங் டாக்கீஸ்காரர் எடுத்துக்கொண்டார். ஊர் ஊராகப் போய் நோட்டீஸ் வீசுவதற்குத் திறந்த கார்தான் தோது என்றார். அது தெரு முனை திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு, "தொலைஞ்சது சனியன்" என்று உரக்கச் சொன்னேன். உள்ளே போய் மூக்கைச் சிந்தினேன்.

"காருதான் போயிருச்சே, இன்னும் என்ன தும்மல்?" என்றாள் ஜைனம்பு.

"தும்மல்தான்" என்றேன்.

மறுநாளிலிருந்து எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. காலையில் பச்சையின் முன்னால் போய்க் குனிந்து, சுற்றுவதற்குக் கம்பி தேடுவேன். ரப்பர் ஹாரனை அமுக்கக் கை வெளியே போய் வெறும் காற்றைப் பிசையும். வண்டிக்குள் துரையின் நாய் வாசனையும் சுருட்டு வாசனையும். புதுக் கார் வாங்கிய சந்தோஷமா, பழசு போன துக்கமா? யாராவது கேட்டால் எதைச் சொல்வது என்றே தெரியவில்லை. நல்லவேளை, யாரும் கேட்கவில்லை.

சடையனிடம் சொல்லவேண்டும் என்று மட்டும் தினமும் நினைத்தேன். அடுத்த சந்தைக்குச் சொல்லலாம், அடுத்த சந்தைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் அவனே வந்துவிட்டான், மூன்று பெரியவர்களோடு.

விரல் நுனி

"பொண்ணு பொறந்த எடத்தப் பாக்க வந்தமுங்க" என்றார் மூவரில் மூத்தவர்.

"பாருங்க, பாருங்க" என்றேன். வேறென்ன சொல்வது?

அவர் காரை ஒரு சுற்று சுற்றினார். "செவலைன்னு சொன்னாங்க. இது பச்சையா இருக்குதுங்களே?"

"சாயம் மாத்தினேனுங்க."

ஏன் சொன்னேன்? இன்றுவரை தெரியாது. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"பொண்ணுக்குப் பதினெட்டு வயசு தாண்டியாச்சுங்க. இந்த மோட்டாரு அதுக்குத் தங்கச்சியாட்ட இருக்குதே! மாடு கெழடாகுது, மோட்டாரு கொமரியாகுதுங்களா?"

"நல்லா வச்சிருக்கேனுங்க" என்றேன்.

அப்போதுதான் சடையன் கதவைத் திறந்து விரலால் கோடு இழுத்தான். மோந்தான். என்னைப் பார்த்தான். எழுந்து பெரியவர்கள் பக்கம் திரும்பினான்.

"எடத்தப் பாத்துட்டீங்க. மண்ண இன்னிக்கு எடுக்கப்படாது. கண்ணாலத்தன்னிக்கு மாமனே மலையேறிக் கொண்டாந்து முடியோணும். கொண்டாருவாருங்க."

அவர்கள் தலையாட்டிவிட்டு முன்னே நடந்தார்கள். சடையன் பின்தங்கினான்.

"எங்கீங்க மாமா செவலை?"

"வித்துட்டேன் மாப்ளே."

"எங்கிட்டச் சொல்லலீங்களே."

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அவங்ககிட்ட உன்னையும் பொய் சொல்ல வச்சுட்டேன்."

"நா பொய் சொல்லலீங்க. எடத்தப் பாத்துட்டீங்கன்னேன். எந்த எடம்னு சொன்னனா?" சிரிக்கவில்லை அவன். "வார வெள்ளிக்கெழம கண்ணாலம். செவல மண்ணு வேணுங்க மாமா. இல்லாட்டி எம்புள்ள பொறந்த எடமில்லாதவளாப் போயிரும். நாளைக்கு அங்கன ஒரு மனத்தாங்கல் வந்தா அவ எங்கீங்க போவா?"



நோட்டீஸ் வண்டி

மறுநாள் பச்சையை எடுத்துக்கொண்டு ராசிபுரம் போனேன். டாக்கீஸ் கொட்டகைக்கு முன்னால் செவலை நின்றது. இரண்டு பக்கமும் கட்டிய தட்டியில் படத்து ராஜாவும் ராணியும் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பின்சீட்டில் ஒரு தப்பு மேளம்.

கதவைத் திறந்தேன். தரையை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, புதுத் தேங்காய்நார் விரிப்புப் போட்டிருந்தார் புண்ணியவான். ஒரு துளி தூசி இல்லை. பதினெட்டு வருஷம் நான் துடைக்காத காரை ஒரே மாதத்தில் துடைத்துவிட்டார்!

பின்சீட்டைத் தூக்கிப் பார்க்கலாம் என்று மெத்தையில் கை வைத்தேன். "என்னங்க தேடறீங்க?" என்று டாக்கீஸ்காரர் ஓடி வந்தார்.

"கொஞ்சம் மண்ணு."

"மண்ணா?"

"ஒரு பொண்ணு பொறந்த மண்ணு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ராவுத்தரே, எனக்கு வித்த வண்டியில என்னத்த ஒளிச்சு வச்சிருக்கீங்க? தங்கமா?"

தங்கம் என்ற சொல் காதில் விழுந்ததும் டிக்கெட் கிழிப்பவர், மேளக்காரர், டீக்கடைக்காரர் என்று ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. எல்லோருமாக மெத்தையைத் தூக்கினார்கள். பலகை இடுக்கில் விரற்கடை உயரத்துக்குக் கருப்பாகப் படிந்திருந்தது. செம்மண், மிளகுத் தூள், நாலைந்து முழு மிளகு, ஜைனம்புவின் கொண்டை ஊசி ஒன்று. டிக்கெட் கிழிப்பவர் குனிந்து பார்த்து ஒரு தும்மல் போட்டார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

கைக்குட்டையில் ஒரு பிடி அள்ளி முடிந்தேன். ஊசியையும் எடுத்துக்கொண்டேன். "இவ்வளவுதானா?" என்று டாக்கீஸ்காரர் ஏமாந்து போனார்.

கிளம்ப வேண்டியதுதான். ஏறி உட்கார்ந்து ரப்பர் ஹாரனை ஒரு அமுக்கு அமுக்கினேன். அதே கிழட்டு வாத்துச் சத்தம். எவ்வளவு நாளாயிற்று! ஓட்டுச் சக்கரத்தின் தேய்ந்த இடத்தில் கை தானாகப் போய் உட்கார்ந்தது.

டாக்கீஸ்காரர் கதவோரம் வந்து மெதுவாகச் சொன்னார். "ராவுத்தரே, உங்களுது அதுங்க."

பழக்கத்தில் செவலையில் ஏறியிருக்கிறேன். இறங்கினேன். எல்லோர் முன்னாலும் அழுகை வந்துவிட்டது. "மிளகு" என்றேன். யாரும் நம்பவில்லை.

இரண்டு கார், ஒரு மாமன்

இருபது வருடம் மலை மிளகு விற்றவன், அதுவரை மலை ஏறியதில்லை. வியாழக்கிழமை விடியலில் ஒரு சுமைக்காரரைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஏறினேன். பாதி வழியில் என்னையே தூளி கட்டித் தூக்கச் சொல்லலாமா என்று தோன்றியது. பொழுது சாய்கிற நேரத்தில் சடையன் ஊர் போய்ச் சேர்ந்தேன். புதுப் பானை வாங்கி வைத்து, எனக்குத் தனியாகச் சாமைச் சோறும் அவரைப் பருப்பும் ஆக்கியிருந்தாள் நல்லம்மா.

காலையில் பெண்ணை உட்கார வைத்து மண்ணைக் கேட்டார்கள். கைக்குட்டையை அவிழ்த்தேன். சடையன் குனிந்து மோந்தான், தும்மினான். பாவாயி தும்மினாள். முகம் மலர்ந்து என்னைப் பார்த்தாள். பிறந்த அன்றைக்குக் கேட்ட அதே தும்மல்.

மாப்பிள்ளை வீட்டு மூத்தவரும் மோந்தார். நிமிர்ந்தார். "அன்னிக்கு நாங்க வந்தப்ப வண்டியில இந்த வாசம் இல்லீங்களே?"

சடையன் தரையைப் பார்த்தான். இனிமேலும் பொய்யா? எனக்குத் தெம்பில்லை.

"ரெண்டு காருங்க. பொண்ணு பொறந்தத வித்துட்டேன். நீங்க பாத்தது புதுசு. சாயமெல்லாம் அடிக்கல, பயத்துல சொல்லிட்டேன். இந்த மண்ணு பழைய காரு மண்ணு. தேடிப் போயி எடுத்தாந்தேன்."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நாம பாத்த ஊடு வேற, வந்த மண்ணு வேறயா?" "அப்ப எதுங்க பொறந்த எடம்?" என்று தங்களுக்குள் பேசினார்கள். நியாயமான கேள்விதான். கடைசியில் மூத்தவர் என் பக்கம் திரும்பினார்.

"காரு ரெண்டு, சரிங்க. மாமன் எத்தன பேருங்க?"

"நான் ஒருத்தந்தானுங்க."

"அப்பச் சரி. முடியுங்க."

முந்தானையில் முடிந்தேன். மடங்காத விரலை வைத்துக்கொண்டு முடிச்சுப் போடுவது லேசா? மூன்று தடவை நழுவியது. பாவாயிதான் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

கொட்டகையில்

அந்த வருஷத்து ஐப்பசி மழை ஓய்ந்த பிறகு ஒரு மத்தியானம். மண்டியிலிருந்து சாப்பிட வந்தேன். கொட்டகையில், பச்சைக் காரின் பின்சீட்டில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். மடியில் ஒரு துணி மூட்டை, உம்மென்று முகம். பாவாயி!

"என்ன கண்ணு, இங்க வந்து உக்காந்திருக்கே?"

"அந்தாளுகூடச் சண்டைங்க மாமா. பொறந்த ஊட்டுக்கு வந்துட்டேன்."

"சாமி, நீ பொறந்தது இதுல இல்ல. அது ராசிபுரத்துல நோட்டீசு வீசிக்கிட்டு இருக்குது."

"தெரியுமுங்க. நோட்டீசு வண்டியில போயி கோவிச்சுக்கிட்டு உக்கார முடியுமுங்களா?"

இதற்கு என்ன சொல்வீர்கள்? ஜைனம்பு சோற்றுத் தட்டோடு வந்தாள். ஒரு வார்த்தை கேட்காமல் காருக்குள் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். இரண்டு பேரும் சேர்ந்து அந்த மாப்பிள்ளையை ஒரு பிடி பிடித்தார்கள்.

"கொட்டாயி ஓட்டையில வெயிலு அடிக்குதுங்க மாமா. கூரைய மூடுங்க" என்றாள் பாவாயி.

இழுத்தேன். ஒரு கையிலேயே வழுக்கிக்கொண்டு வந்தது. ஆனாலும் மோதிர விரலை மட்டும் தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மாப்பிள்ளைப் பையன் வந்து கொட்டகை வாசலில் நின்றான். காருக்குள் வரச் சொன்னால் வரமாட்டேன் என்கிறான், மாமியார் வீட்டுக்குள் நுழைகிற கூச்சம். அவள்தான் இறங்கிப் போனாள். போகும்போது துணி மூட்டை அவிழ்ந்து, உள்ளே வைத்திருந்த மிளகு பின்சீட்டெல்லாம் கொட்டியது. நான் பெருக்க விடவில்லை. நாய் வாசனையும் சுருட்டு வாசனையும் அந்த மாதத்தோடு போயின. ஜைனம்புவுக்கு மறுபடியும் தும்மல் வந்தது.

பச்சை ஓடுவதை நிறுத்தி வெகு காலமாகிறது. டயர் இல்லை, கூரைத் துணியில் பாதி இல்லை. பாவாயிக்கே மருமகன் வந்தாயிற்று. போன மாதம் பழைய இரும்புக்காரர் ஒருவர் கொட்டகையை எட்டிப் பார்த்து, "பெரியவரே, இது சும்மாதானே நிக்குது? குடுத்துருங்களேன்" என்று கேட்டார். எனக்கும் கொடுத்துவிடலாம் என்றுதான் பட்டது.

செவலையைச் சனியன் என்று திட்டிய ஜைனம்பு, அடுப்படியிலிருந்து கரண்டியோடு வெளியே வந்தாள்.

"குடுத்துட்டு? புள்ள கோவிச்சுக்கிட்டு வந்தா எங்கய்யா உக்காரும்?"